இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரு தொழில் வழித்தடமும்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே அமைந்திருக்கிறது தண்டலம். அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பொறியியல் கல்லூரிகள் பல. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொழிற்பேட்டைகள் நீள்கின்றன. காலை நேரத்தில் இச்சாலையில் இருவகைப் பேருந்துகள் விரைகின்றன. ஒருவகையில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள். மற்றொரு வகையில் மின்னணுச் சாதனங்களைப் பொருத்தும் தொழிலாளர்கள். சாலை ஒன்றுதான். ஆனால், கல்லூரியில் கற்பிக்கப்படும் அறிவுக்கும் தொழிற்சாலையில் நிகழும் பணிக்கும் இடையிலான தொலைவு அவ்வளவு குறுகியதா?

தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2023-24 நிதியாண்டில் 956 கோடி டாலர். 2024-25-இல் அது 1,465 கோடி டாலராக உயர்ந்தது. இந்திய மாநிலங்களில் முதலிடம் நமக்கே. இந்தப் பெருமையில் பெரும்பங்கு இந்த வழித்தடத்துக்கு உரியது. இங்கிருந்து கப்பலேறும் ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது. பொறியாளர்கள் அதைச் சுருக்கமாக 'வி.சி.ஓ.' என்பர், மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் அலையியற்றி என்பது பொருள். கைப்பேசி எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எதில் கேட்க வேண்டும் என்பதற்கான அதிர்வெண்ணை உண்டாக்கித் தருவது அதுதான். கோடிக்கணக்கில் நாம் பொருத்தி அனுப்பும் அந்த உறுப்பை, அதன் மிக எளிய வடிவத்தில், வெறும் உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒரு மாணவரால் மேசையில் செய்து காட்ட முடியும். அதற்குக் கூடிப்போனால் ஒரு மாலைப்பொழுது தேவைப்படும்.

அந்த ஒரு மாலைப்பொழுது ஏன் முக்கியமானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உலக்கை மாற்றும் இருவர்

அலையியற்றி என்பது, நிலையான மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, மாறிமாறி எழுந்து விழும் மின்னலையாகத் திருப்பித் தரும் சுற்று. அலை ஒரு விநாடியில் எத்தனை முறை எழுந்து விழுகிறது என்பதே அதிர்வெண். அந்த எண்ணிக்கையை ஒரு மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்ற முடிந்தால், அது வி.சி.ஓ.

இதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்சில் பிறந்தது. ஹென்றி ஆப்ரஹாம், யூஜின் பிளாக் என்ற இரு இயற்பியலாளர்கள் இரண்டு வெற்றிடக் குழாய்களை ஒன்றோடொன்று குறுக்காக இணைத்து உருவாக்கிய அச்சுற்றுக்கு 'மல்டிவைபிரேட்டர்' என்று பெயர். குழாய்களுக்குப் பதில் இன்று டிரான்சிஸ்டர்கள். சுற்றின் அமைப்பு மட்டும் மாறவில்லை.

ஒரே உரலில் இருவர் எதிரெதிரே நின்று நெல் குத்துவதை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவர் உலக்கை எழ வேண்டும். இரண்டும் ஒருசேர இறங்கவும் முடியாது. ஒருசேர நிற்கவும் கூடாது. மல்டிவைபிரேட்டரில் இரு டிரான்சிஸ்டர்களும் இப்படித்தான் முறை மாற்றிக்கொள்கின்றன. ஒன்று கடத்தும்போது மற்றொன்று அணைந்திருக்கும். ஒன்றின் ஏற்பானிலிருந்து மற்றொன்றின் அடிவாய்க்கு ஒரு மின்தேக்கி செல்கிறது. அதேபோல எதிர்த்திசையிலும் ஒன்று.

முதல் டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கியதும் அதன் ஏற்பானில் மின்னழுத்தம் சட்டென விழுகிறது. அந்த வீழ்ச்சியை மின்தேக்கி அப்படியே மறுபக்கம் கடத்தி, இரண்டாவது டிரான்சிஸ்டரின் அடிவாயைச் சுழிக்கும் கீழே தள்ளிவிடுகிறது. அது அணைந்துபோகிறது. ஆனால், என்றென்றைக்கும் அல்ல. அடிவாயோடு இணைந்த மின்தடை வழியாக மின்னோட்டம் மெல்ல மெல்ல வந்து, தள்ளப்பட்ட அந்த மின்னழுத்தத்தை மேலே ஏற்றுகிறது. அது சுமார் 0.7 வோல்ட்டை எட்டியதும் இரண்டாவது டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்கிறது. உடனே முதலாவதை அணைக்கிறது. உலக்கை கை மாறுகிறது.

ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? குழாயடியில் குடம் நிரம்பும் கணக்குத்தான். குடம் பெரிதென்றால் நேரம் கூடும்; குழாயைக் கூடுதலாகத் திறந்தால் நேரம் குறையும். இங்கே குடம், மின்தேக்கி. குழாயின் குறுகல், மின்தடை. வழக்கமான மல்டிவைபிரேட்டரில் அடிவாய் மின்தடைகள் மின்வழங்கியோடு நேராக இணைக்கப்படுகின்றன. அந்த இணைப்பைக் கழற்றி, நாம் விரும்பியபடி மாற்றக்கூடிய தனியொரு மின்னழுத்தத்தோடு இணைத்தால் போதும். அழுத்தத்தைக் கூட்டினால் குடம் விரைவில் நிரம்பும், அதிர்வெண் உயரும். குறைத்தால் தாழும். ஓர் இணைப்பை இடம் மாற்றியதில் சாதாரண அலையியற்றி வி.சி.ஓ. ஆகிவிடுகிறது.

மேசை மேல் ஒரு மாலை

தேவையான பொருள்களின் பட்டியல் மிகச் சிறியது. பி.சி.547 வகை டிரான்சிஸ்டர் இரண்டு, 2.2 கிலோ ஓம் மின்தடை இரண்டு. 47 கிலோ ஓம் மின்தடை இரண்டு. 10 நானோ ஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி இரண்டு. 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. பாகங்களைச் செருக ஒரு பிரெட்போர்டு. சென்னை ரிச்சி தெருவில் பிரெட்போர்டைத் தவிர்த்த மற்ற அனைத்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் வாங்கிவிடலாம். மின்சாரத்துக்கு, வீட்டில் இருக்கும் 5 வோல்ட் கைப்பேசி சார்ஜரே போதுமானது.

2.2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டும் 5 வோல்ட்டிலிருந்து ஏற்பான்களுக்குச் செல்கின்றன. உமிழ்ப்பான்கள் இரண்டும் தரையோடு இணைகின்றன. மின்தேக்கிகள் குறுக்காக. 47 கிலோ ஓம் மின்தடைகளின் மறுமுனைகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனைக்குச் செல்கின்றன. அதன் ஓரமுனைகளில் ஒன்று 5 வோல்ட்டோடும் மற்றொன்று தரையோடும் இணைகின்றன. ஓர் ஏற்பானிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை, ஒரு மின்தேக்கி ஆகியவற்றின் வழியாக ஒலிபெருக்கியின் உள்ளீட்டுக்கு ஒரு கம்பி. ஒலியளவைக் குறைத்து வைத்துவிட்டுப் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பினால், கீச்சென்ற ஓர் ஒலி ஏறி இறங்குவதைக் கேட்கலாம்.

அந்த ஒலியை அளந்து பார்க்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பாடநூலில் உள்ள எளிய சூத்திரத்தின்படி, கட்டுப்பாட்டு மின்னழுத்தம் 5 வோல்ட்டாக இருக்கையில் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 1,535 அலைவுகள், 2.5 வோல்ட்டில் சுமார் 970. மேசை மேல் உள்ள சுற்றோ 1,400-க்கு அருகிலும் 800-க்கு அருகிலும் நிற்கும். எங்கே போயிற்று மீதி?

பாகங்களில் அச்சிடப்பட்டுள்ள மதிப்பு 5 அல்லது 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது ஒரு காரணம். ஆனால், முதன்மையான காரணம் வேறு. எளிய சூத்திரம், டிரான்சிஸ்டர் சுழி வோல்ட்டிலேயே விழித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது 0.7 வோல்ட் வரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்த்தால் 1,420, 820 என விடை வந்து, மேசையோடு ஒத்துப்போகிறது. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 1.5 வோல்ட்டுக்குக் குறைத்தால் அதிர்வெண் சுமார் 550. அதற்கும் கீழே போய் 0.7 வோல்ட்டை நெருங்கும்போது ஒலி தடுமாறி நின்றுவிடும். குழாயின் அழுத்தம் குடத்தின் விளிம்பு உயரத்துக்குக் கீழே போய்விட்டால் குடம் எப்படி நிரம்பும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. இதே சுற்றை 9 வோல்ட் பேட்டரியில் இயக்கினாலும் ஒலிக்கும். ஆனால், அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரின் அடிவாய் அப்போது சுழிக்குக் கீழே 8 வோல்ட் வரை தள்ளப்படும். பி.சி.547-இன் தரவுத்தாளில் அந்தச் சந்திக்குத் தரப்பட்டிருக்கும் எல்லை 6 வோல்ட்தான். எல்லையை மீறும்போது சுற்று கணக்குக்கு அடங்காத அதிர்வெண்ணில் ஓடும். டிரான்சிஸ்டரின் திறனும் நாளடைவில் குன்றும். 5 வோல்ட்டில் அடிவாய் 4 வோல்ட் அளவுக்கே கீழிறங்குவதால் ஆபத்தில்லை. தரவுத்தாளைப் படிக்காமல் செய்தாலும் ஓடுகிற சுற்று, படித்துச் செய்தால் மட்டுமே நம்பத்தக்கதாக ஓடுகிறது. ஒரு தொழிற்சாலையின் தரத்துக்கும் இதே அளவுகோல்தான்.

வெயிலும் சுருதியும்

கர்நாடக இசை பயிலும் வீடுகளில் மின்னணுச் சுருதிப்பெட்டி அறிமுகமான பொருள். பொறியாளரும் இசைக் கலைஞருமான பெங்களூரு ஜி. ராஜ்நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் நிறுவிய ரேடல் நிறுவனத்தின் பெட்டிகள் தம்புராவின் இடத்தைப் பல வீடுகளில் பிடித்துக்கொண்டன. சுருதிப்பெட்டியிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே: வைத்த இடத்தில் நிற்க வேண்டும். நாம் மேசையில் செய்த சுற்று அப்படி நிற்குமா?

நிற்காது. டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும் அந்த 0.7 வோல்ட், வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஜனவரி அதிகாலையில் 20 டிகிரி செல்சியஸ், மே மாத நண்பகலில் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வேறெதுவும் மாறாவிட்டாலும் 40 மில்லிவோல்ட் வேறுபாடு. 2.5 வோல்ட் கட்டுப்பாட்டில் நம் சுற்றின் அதிர்வெண் இதனால் சுமார் 1.2 சதவீதம் உயரும். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், 22 சுருதிகளைப் பேசும் நம் இசை மரபில் மிகச் சிறிய இடைவெளி 81-க்கு 80 என்ற விகிதம், அதாவது 1.25 சதவீதம். பிரமாண சுருதி என்று அதற்குப் பெயரே உண்டு. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே நம் சுற்று ஏறத்தாழ ஒரு சுருதி விலகிவிடுகிறது.

மேலைநாட்டு மின்னணு இசையும் இதே சிக்கலைச் சந்தித்தது. 1964-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், மின்னழுத்தத்தால் சுரத்தைக் கட்டுப்படுத்தும் இசைக்கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு வோல்ட் கூட்டினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். அதாவது ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். இந்த இரட்டிப்பு விதி டிரான்சிஸ்டரின் இயல்பிலேயே இருக்கிறது. அடிவாய் மின்னழுத்தம் சுமார் 18 மில்லிவோல்ட் கூடும் ஒவ்வொரு முறையும் அதன் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. அந்த மின்னோட்டத்தைக் கொண்டு குடத்தை நிரப்பினால் சுரம் ஸ்தாயி ஸ்தாயியாக ஏறும். ஆனால், அந்த 18 மில்லிவோல்ட்டும் வெப்பநிலையோடு சேர்ந்து நகர்கிறது. ஆகவேதான், ஒரே குணமுள்ள இரு டிரான்சிஸ்டர்களை அருகருகே ஒட்டிவைத்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுகட்டும் உத்தி அக்கருவிகளில் கையாளப்பட்டது.

மூக்கின் கருவி 1969-இல் இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதைக் கொண்டு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் இசைச் சோதனைகள் செய்தனர். அக்கூடம் சில ஆண்டுகளே இயங்கியது. அங்கு பதிவான ஒலிநாடாக்கள் அரை நூற்றாண்டு கழித்து, 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நாம் கருதத்தக்க வேறுபாடு ஒன்று இங்கே உண்டு. அகமதாபாத்துக்கு வந்தது முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட கருவி. பெங்களூருவில் நடந்தது, தன் தேவைக்கான கருவியை ஒருவர் தாமே பாகம் பாகமாகச் செய்துகொண்டது. முன்னது வரலாற்றில் இடம்பெற்றது. பின்னது வீடுகளில் இடம்பெற்றது.

கைப்பேசிக்குள் இருப்பது

மேசை மேல் உள்ள சுற்று விநாடிக்கு ஆயிரம் முறை அதிர்கிறது. கைப்பேசியில் உள்ளதோ நூறு கோடிக் கணக்கில். அந்த வேகத்துக்கு மின்தடையும் மின்தேக்கியும் மட்டும் போதா. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று அங்கே பயன்படுகிறது. அமெரிக்காவின் ஹார்ட்லி, கோல்பிட்ஸ் ஆகியோர் நூறாண்டுகளுக்கு முன் வகுத்த அலையியற்றிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இதில் அதிர்வெண்ணை மின்னழுத்தத்தால் மாற்ற வேண்டுமானால், மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும் மின்தேக்கி தேவை. பின்னோக்கிச் சார்பளிக்கப்பட்ட டையோடு அதைச் செய்கிறது. அழுத்தம் கூடக்கூட அதன் நடுவே நகரும் மின்னூட்டங்களற்ற பகுதி அகன்று, தேக்கும் திறன் குறைகிறது. இதற்கென்றே செய்யப்படும் டையோடுக்கு 'வேராக்டர்' என்று பெயர். எனினும் சாதாரண டையோடுகளும் ஓரளவுக்கு இக்குணத்தைக் காட்டுகின்றன.

தொடக்ககாலக் கைப்பேசிகளில் வி.சி.ஓ. ஒரு சிறு உலோகப் பெட்டியாகத் தனியே இருந்தது. பின்னர் அது சில்லுக்குள் போய் மறைந்தது. மறைந்தபின் அதன் வடிவம் என்ன? இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் உள்ளீட்டுக்குக் குறுக்காக இணைக்கப்பட்ட ஓர் இணை, அதன் தலைமேல் கம்பிச்சுருளும் வேராக்டரும். நாம் பிரெட்போர்டில் செருகிய அதே குறுக்கிணைப்புத்தான், பல்லாயிரம் மடங்கு சிறிதாக்கப்பட்டுக் கைப்பேசிச் சில்லின் நடுவே அமர்ந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு இது அந்நியமல்ல.

இதுவும் வெயிலில் விலகும். பேட்டரி குறையக் குறைய நகரும். ஆனால், கைப்பேசி விலக முடியாது. ஜி.எஸ்.எம். முறையில் அடுத்தடுத்த தடங்களுக்கிடையே உள்ள இடைவெளி 200 கிலோ ஹெர்ட்ஸ் மட்டுமே. 900 மெகா ஹெர்ட்ஸில் இது ஒரு சதவீதத்தில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி த பெல்சிஸ் 1932-இல் விவரித்த ஓர் உத்தி இங்கே கைகொடுக்கிறது. நிலையாக அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வி.சி.ஓ.வின் அலையை வகுத்துச் சிறிதாக்கி, இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். வி.சி.ஓ. சற்று முந்தினால் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் குறைக்கப்படும், பிந்தினால் கூட்டப்படும். தம்புராவுக்குக் காது கொடுத்துக்கொண்டே பாடும் பாடகர் தம் குரலைக் கணந்தோறும் திருத்திக்கொள்வதைப் போன்றது இது.

இதே அலையியற்றி இந்த வழித்தடத்தின் மற்றொரு தொழிலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் வாகனத் தொழிலின் இடங்கள். முன்னால் செல்லும் வண்டியின் தொலைவை அறிந்து தானே பிரேக் பிடிக்கும் வாகன ரேடார்கள் 77 கிகா ஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. அவற்றில் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றி இறக்கும் வேலை வி.சி.ஓ.வினுடையது. அனுப்பிய அலைக்கும் எதிரொலித்து வந்த அலைக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடே தொலைவைச் சொல்கிறது.

நோக்கியா விட்டுச்சென்ற கேள்வி

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாக இளம்பெண்களுக்கு, அது வாழ்வு தந்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கு உற்பத்தி நின்றது. வரிப் பிணக்கு, உரிமை மாற்றம், சந்தைச் சரிவு எனக் காரணங்கள் பல. அவை எவையாயினும், அன்று வெளியேறிய தொழிலாளர்களிடம் எஞ்சியது என்ன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. விரைவும் நேர்த்தியும் மிக்க கைகள் இருந்தன. ஆனால், அந்தக் கைகள் கற்ற வேலை ஓர் இயந்திர வரிசையோடு பிணைந்தது. வரிசை போனதும் வேலையும் போயிற்று.

அந்த வளாகத்தில் பின்னர் கைப்பேசி சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் கால்பதித்தது. வேறு பெரிய நிறுவனங்கள் வழித்தடத்துக்கு வந்தன. இன்று ஏற்றுமதி எண்கள் அன்றைக்குக் கனவிலும் காணாத உயரத்தில் இருக்கின்றன. பொருத்தும் பணி இழிவானதன்று; லட்சம் குடும்பங்களின் அடுப்பெரிய அது காரணமாக இருக்கிறது. ஆயினும், பொருத்துவதற்கான இடம் எது என்பதை ஊதியமும் வரியும் துறைமுகமும் தீர்மானிக்கின்றன. அவை மாறினால் இடமும் மாறும். வடிவமைக்கும் அறிவு அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. அது மனிதர்களிடம் தங்குகிறது. அவர்கள் இருக்கும் ஊரில் தங்குகிறது.

அரசுகள் இதை உணராமல் இல்லை. மின்னணு உறுப்புகள் உற்பத்திக்காக ரூ.22,919 கோடியிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசும் மத்திய ஊக்கத்தொகைக்கு நிகரான தொகையை வழங்கும் தனித் திட்டத்தை அறிவித்தது. மின்தடை, மின்தேக்கி போன்ற எளிய உறுப்புகளும் உள்நாட்டிலேயே உருவாக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால், உறுப்புகளைச் செய்யும் ஆலைகளைப் பணத்தால் வரவழைக்கலாம். அவற்றைக் கொண்டு புதியதொன்றைச் செய்யத் தெரிந்தவர்களை ஆய்வகங்கள்தான் உருவாக்க வேண்டும்.

நம் ஆய்வகங்களில் இது இல்லாமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் பாடத்திட்டத்தில் மல்டிவைபிரேட்டர், ஹார்ட்லி, கோல்பிட்ஸ் அலையியற்றிகள் எல்லாம் செய்முறைகளாக இடம்பெற்றிருக்கின்றன. சிக்கல் பாடத்திட்டத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. முன்பே பொருத்தி மூடிய பயிற்சிப் பெட்டிகளில் கம்பியைச் செருகி அளவெடுப்பதும், சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து எண்களைப் பெயர்த்தெழுதுவதும், சூத்திரத்துக்கு ஒத்துவராத அளவீட்டைத் 'திருத்தி' எழுதுவதும் பொறியியல் படித்த பலரும் அறிந்தவை. 1,420 வரவேண்டிய இடத்தில் 1,535 என்று எழுதிக் கையொப்பம் பெறும் மாணவர், அந்த 115-இல் ஒளிந்திருந்த டிரான்சிஸ்டரின் இயல்பைத் தவறவிடுகிறார். மதிப்பெண் வருகிறது, அறிவு வருவதில்லை.

கணினியில் பாவனைச் சுற்று அமைத்துப் பார்ப்பது போதாதா என்று கேட்கலாம். பெரிய சுற்றுகளுக்குப் பாவனை மென்பொருள் இன்றியமையாதது. அது இல்லாமல் இன்று எந்தச் சில்லும் உருவாவதில்லை. ஆனால், நாம் பேசிய இந்தச் சின்னஞ்சிறு சுற்றைக் கணினியில் அமைத்தால் பெரும்பாலும் வேடிக்கையான ஒன்று நிகழும்: அது அதிரவே அதிராது. கணினிக்குள் இரு டிரான்சிஸ்டர்களும் அச்சு அசலாக ஒன்றே. இருவரும் ஒரே வலுவோடு உலக்கையைப் பிடித்து நிற்பதால் யாரும் முதலில் குத்துவதில்லை. 'இவர் முதலில்' என்று தொடக்கநிலையை நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மேசை மேலோ, ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த இரு டிரான்சிஸ்டர்களும் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே ஒலி பிறக்கிறது. மென்பொருளைச் சரியாகப் பயன்படுத்தவும் மேசை அனுபவம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தில் கலந்திருக்கும் இரைச்சல்கூட ஒரு பாடம்தான். மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் சுற்றில், மின்னழுத்தத்தின் ஒவ்வொரு நடுக்கமும் அதிர்வெண்ணின் நடுக்கமாகிவிடுகிறது. ஒலியில் ஒரு கரகரப்பாக அதைக் காதால் கேட்கலாம். மின்வழங்கியின் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் கரகரப்பு தணிவதையும் கேட்கலாம். கைப்பேசிச் சில்லை வடிவமைப்போரின் பெருங்கவலைகளில் ஒன்று இதே நடுக்கம். அவர்களுடைய கருவிகள் விலை மிக்கவை, சிக்கல் ஒன்றுதான்.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு பிரெட்போர்டும் ஒரு பொட்டலம் உதிரிப் பாகங்களும் தரலாம். செய்முறைத் தேர்வில் சூத்திரத்தோடு ஒத்துப்போன விடைக்கு அல்லாமல், ஒத்துப்போகாததற்கான விளக்கத்துக்கு மதிப்பெண் தரலாம். வழித்தடத்தின் தொழிற்சாலைகள் தங்கள் பழுதுநீக்கும் பிரிவுகளை மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். ஏனெனில் ஒரு சுற்று ஏன் ஓடவில்லை என்று கேட்கும் இடமே ஆலையில் கல்லூரிக்கு மிக நெருக்கமான இடம். அதேபோல, மாலையில் கல்லூரி ஆய்வகங்களைத் தொழிலாளர்களுக்குத் திறந்துவிடலாம். நாள்தோறும் ஆயிரக்கணக்கான சுற்றுப்பலகைகளைத் தொட்டுப் பழகிய கைகளுக்கு, அவற்றுக்குள் நடப்பதை அறியும் உரிமை இல்லையா?

கைப்பேசிக்கான வி.சி.ஓ.வை யாரும் இனி உதிரிப் பாகங்களால் செய்யப்போவதில்லை. ஆனால், அதை ஒருமுறையேனும் உதிரிப் பாகங்களால் செய்து, அதன் 0.7 வோல்ட்டையும் வெயிலில் அது விலகுவதையும் கண்டறிந்த ஒருவரே அடுத்த சில்லை வடிவமைக்கும் தகுதி பெறுகிறார். கப்பலேறும் பெட்டிகளின் எண்ணிக்கையில் நாம் முதலிடம் பிடித்துவிட்டோம். அப்பெட்டிகளுக்குள் இருப்பதைச் செய்யத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையிலும் முன்னேற வேண்டுமானால், அதற்கான பணியை இரண்டு டிரான்சிஸ்டர்களிலிருந்தே தொடங்கலாம்.